கண்டு காட்டுபவர்

பிச்சாவரத்தில் அகலமான கால்வாயை விட்டுக் குறுகலான ஓடைக்குள் படகு திரும்பியதும், படகோட்டி துடுப்பை உள்ளே எடுத்துப் போட்டுவிடுவார். அதற்கு மேல் துடுப்பு வீச இடம் கிடையாது. இரண்டு பக்கமும் தொங்கும் சுரபுன்னை வேர்களைக் கையால் பற்றி இழுப்பார், விடுவார், அடுத்ததைப் பற்றுவார். படகு நகரும். "தலையக் குனிஞ்சுக்குங்க" என்று மட்டும் சொல்வார்.

கொஞ்ச தூரம் போனதும், "அங்க பாருங்க" என்று கையை நீட்டுவார். சேறும் வேரும் நிழலும்தான் தெரியும். "எங்க?" "அந்த வளைஞ்ச வேருக்குக் கீழ, தண்ணிக்கு ஒரு சாண் மேல." அப்போதும் தெரியாது. பிறகு சேற்றின் ஒரு துண்டு கண்ணைச் சிமிட்டும். விரல் நீளத்தில், சேற்று நிறத்தில் ஒரு மீன். தவளைக்கு இருப்பதைப் போல உச்சந்தலையில் புடைத்த இரண்டு கண்கள். முன் துடுப்புகளை முழங்கை போல ஊன்றித் தரையில் ஏறி நிற்கிறது; ஈரத்தோலாலும் மூச்சு வாங்குகிறது. கண் காய்ந்தால் குழிக்குள் இழுத்து நனைத்து மறுபடி மேலே விடுகிறது. அந்தச் சிமிட்டல்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. படகில் இருந்த அத்தனை பேர் பார்வையும் அதன்மேல் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒருவர் காட்டும்வரை யாரும் அதைப் பார்க்கவில்லை.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். கண் தானாகப் பார்ப்பதில்லை. உள்ளிருந்து உயிர் காட்டினால்தான் கண்ணுக்குப் பொருள் புலப்படும். யோசனையில் நடப்பவர் எதிரே வந்த உறவினரைக் கவனிக்காமல் தாண்டிப் போவது அதனால்தான். அதேபோல் உயிரும் தானாகக் காண்பதில்லை. இறைவன் உடன்நின்று, தானும் கண்டு, உயிருக்கும் காட்டுகிறான். இதைக் காட்டும் உபகாரம் என்றும் காணும் உபகாரம் என்றும் சைவ உரைகள் இரண்டாகப் பிரித்துச் சொல்லும். இரண்டாவதுதான் யோசிக்க வைப்பது. காட்டுவது மட்டும் போதாது, காட்டுபவன் உடனிருந்து காணவும் வேண்டும். ஆயிரம் முறை அந்த மீனைப் பார்த்த படகோட்டி, ஆயிரத்தோராம் முறையும் பயணிகளோடு சேர்ந்து அதைப் பார்க்கிறார். அவர் பார்க்காமல் விரலை மட்டும் நீட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

காட்டு உயிரைப் பணம் கட்டி, வழிகாட்டியோடு போய்ப் பார்ப்பது இன்று உலகெங்கும் பெரிய தொழில். அதன் உச்சியில் இருப்பது ஆப்பிரிக்காவின் மலைக் கொரில்லா. ருவாண்டாவில் ஒரு மணி நேரம் அதைப் பார்க்க 2017 முதல் வெளிநாட்டவர் ஒருவருக்கு 1,500 டாலர் கட்டணம். நம் கணக்கில் ஒரு லட்ச ரூபாய்க்கும் மேல். அவ்வளவு கொடுத்து மலையேறி ஓர் உயிரைப் பார்ப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? வேடிக்கை என்றா, தரிசனம் என்றா? தமிழில் இரண்டும் வேறு வேறு சொற்கள். வேடிக்கை பார்ப்பவர் எதையும் பெற்றுக்கொள்வதில்லை, எதற்கும் கட்டுப்படுவதும் இல்லை. தரிசனத்துக்குப் போகிறவர் நேரத்துக்குக் கட்டுப்படுகிறார், தூரத்துக்குக் கட்டுப்படுகிறார், காட்டுபவருக்குக் கட்டுப்படுகிறார். இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்கச் சிதம்பரத்தைவிட நல்ல ஊர் இல்லை.

முதலில் அந்த மலைக்குப் போய்வருவோம். உகாண்டாவின் பிவிண்டி காடு, உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்று நாடுகளும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர் ஆகிய இரண்டு இடங்களில்தான் மலைக் கொரில்லாக்கள் இருக்கின்றன. பயணிகள் காலையில் கூடி விதிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தடம் பார்ப்பவர்கள் விடியலில் கிளம்பிக் காட்டுக்குள் போயிருப்பார்கள். நேற்று கூட்டத்தை விட்ட இடத்திலிருந்து அவர்கள் வேலை தொடங்கும். கொரில்லா ஒவ்வொரு மாலையும் இலை தழைகளை வளைத்துப் புதிதாக ஒரு படுக்கை செய்துகொள்ளும். முந்தைய நாள் படுக்கையில் படுக்காது. அந்தப் படுக்கைகளைக் கண்டுபிடித்து, மிதிபட்ட செடியையும் கடித்துப்போட்ட தண்டையும் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்து, கூட்டம் இருக்கும் இடத்தை வானொலியில் வழிகாட்டிக்குச் சொல்வார்கள். எட்டுப் பேர் கொண்ட குழு அதன் பிறகுதான் அந்தத் திசையில் ஏறும். சில நாள் அரை மணி நேர நடை, சில நாள் ஐந்தாறு மணி நேரம்.

விதிகள் கறாரானவை. ஒரு கூட்டத்தை ஒரு நாளில் ஒரு குழுதான் பார்க்கலாம். அதுவும் ஒரே மணி நேரம். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். மரபணுவில் ஏறத்தாழ 98 விழுக்காடு நம்மோடு ஒத்த உயிருக்கு, நமக்குச் சாதாரணமான ஜலதோஷம் சாவைக் கொண்டுவரும். முன்பு ஏழு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கொரோனாவுக்குப் பிறகு பத்து மீட்டர், முகக்கவசமும் சேர்ந்தது. கிட்டே போகும்போது வழிகாட்டி தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த உறுமல் எழுப்புவார். வயிறு நிறைந்த கொரில்லா எழுப்பும் ஒலி அது. 'வருவது பகையில்லை' என்பது பொருள். வெள்ளி முதுகு கொண்ட பெரிய ஆண் பாய்ந்து வந்தால் ஓடக்கூடாது, குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். சாதாரண நேரத்திலும் அதன் கண்ணை உற்றுப் பார்க்கக்கூடாது. அங்கே நேருக்கு நேர் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது.

சிதம்பரத்தில் நேருக்கு நேர் பார்ப்பதுதான் பேறு. திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, அண்ணாமலையை நினைத்தால் முக்தி, தில்லையைக் கண்டால் முக்தி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மற்ற மூன்றும் பிறப்பு, சாவு, நினைவு. தில்லைக்கு மட்டும் கண்.

ஆனால் அந்தத் தில்லை எது? ஊருக்குப் பெயர் தந்த தில்லை ஒரு சதுப்புநில மரம். சிதம்பரம் நகரில் இன்று தில்லைக்காடு கிடையாது. பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவில், பிச்சாவரத்துச் சுரபுன்னைகளுக்குப் பின்னால் அது நிற்கிறது. உதிரும் முன் இலை சிவந்துபோகும். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே பெயர். காண்பதால் முக்தி என்று சொல்லும் ஊரின் தலமரம், கண்ணைப் பறிக்கும் மரம். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை. பார்வை எளிதில் கிடைக்கிற பொருள் அல்ல என்பதை அந்தக் காடு, கோயில் எழும்புவதற்கு முன்பிருந்தே தன் பாலில் வைத்திருக்கிறது.

உள்ளே போனால் இன்னொரு தடை. பொன்வேய்ந்த சிற்சபையில் நடராசருக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. தீட்சிதர் திரையை விலக்கித் தீபம் காட்டுவார். அங்கே உருவம் இல்லை. வெற்றிடம், அதன் முன்னால் பொன் வில்வ இலை மாலைகள். நீண்ட நேரம் காத்து நின்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் திரை மூடிவிடும். "பாத்தீங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வெளியே வருவார்கள். காட்டியதும் உண்மை, கண்டதும் உண்மை. என்ன கண்டோம் என்று சொல்லத்தான் முடியாது.

கண்ணை மூடுவதைப் பற்றிய கதை ஒன்று கடலூரிலும் உண்டு. திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயில் தலபுராணத்தில், அம்மை விளையாட்டாக ஐயனின் கண்களைப் பொத்துகிறாள். உலகம் இருண்டுபோகிறது. அந்தப் பிழை தீர அவள் பூமிக்கு வந்து தலம் தலமாக வழிபட்டுக்கொண்டு போகிறாள். பாதிரி மரங்கள் நிறைந்த இந்த இடத்துக்கு வந்தபோதுதான் இடக்கண்ணும் இடத்தோளும் துடிக்கின்றன. இங்கேயே தவம் இருக்கிறாள். அருந்தவநாயகி என்று பெயர் பெறுகிறாள். பார்க்கும் உரிமையோடு விளையாடியதற்கு விலை நெடுந்தவம்.

திருப்பாதிரிப்புலியூரின் பெயரிலும் புலி இருக்கிறது, சிதம்பரத்தின் பழைய பெயரான பெரும்பற்றப்புலியூரிலும் புலி இருக்கிறது. இரண்டு புலியும் வியாக்கிரபாதர் என்ற முனிவரின் கால்கள். வண்டு தொடுவதற்கு முன் பூப்பறித்து இறைவனுக்குச் சாத்த வேண்டும். இருட்டில் வழி தெரியாது, பனியில் மரம் வழுக்கும். அதற்காக அவர் கேட்டு வாங்கிய வரம் புலியின் காலும் நகமும். காலிலும் கண் கேட்டார் என்று சொல்வாரும் உண்டு. கூத்தைக் காண அவரோடு நின்ற பதஞ்சலிக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு உடல். தைப்பூச நாளில் தில்லையில் நடனத்தைக் கண்ட முதல் இருவரில் ஒருவர் கூட முழு மனிதர் இல்லை. நடராசர் திருவடிவின் பக்கத்தில் இருவரையும் அப்படியே செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

சைவத்தில் இது ஒற்றைக் கதையாக நிற்கவில்லை. திருவானைக்காவில் யானையும் சிலந்தியும், திருவெறும்பூரில் எறும்பு, திருந்துதேவன்குடியில் நண்டு வழிபட்டன. சித்தாந்தத்தில் உயிருக்கே பசு என்றுதான் பெயர். மனிதனும் அந்தத் தொழுவத்தைச் சேர்ந்தவன். ஆகவே 'விலங்கை மனிதன் பார்ப்பது' என்று பேச்சைத் தொடங்கினால், இந்த மரபின் கண்ணில் அது பாதிப் பேச்சு. பார்க்கப்படுகிற உயிருக்கும் பார்வை உண்டு. அதற்கும் ஒருவன் உடன்நின்று காட்டிக்கொண்டிருக்கிறான்.

இதை ஏட்டில் படிக்காமல் காட்டில் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. 1959இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் விருங்கா மலைக்குப் போனபோது ஒளிந்திருந்து பார்க்கவில்லை. கொரில்லாவின் கண்ணுக்குத் தெரியும்படி வெளியில் உட்கார்ந்தார். தான் பார்ப்பதற்கு முன் தன்னை அவை பார்க்கட்டும் என்று விட்டார். 1967இல் கரிசோக்கே ஆய்வு முகாமைத் தொடங்கிய டயான் ஃபாஸி இன்னும் ஒரு படி போனார். தழையை மெல்வதுபோலப் பாவனை செய்து, உடம்பைச் சொறிந்து, அவற்றைப் போலவே உறுமி, மாதக்கணக்கில் காத்திருந்தார். மூக்கின் மடிப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு என்று கண்டு, அதை வரைந்துவைத்து ஆள் அடையாளம் சொன்னார். 1970இல் பீனட்ஸ் என்று அவர் பெயரிட்ட ஆண் கொரில்லா அருகே வந்து அவர் கையைத் தொட்டது. முயன்று தொட்டவர் ஃபாஸி அல்ல. தொட்டது அது.

அந்த நட்புக்குப் பின்னால் ஒரு துயரம் வந்தது. விரல் ஊனப்பட்டிருந்ததால் டிஜிட் என்று பெயர் வாங்கிய இளம் கொரில்லா ஃபாஸிக்கு மிகவும் பிரியமானது. அதன் படத்தை ருவாண்டா அரசு சுற்றுலா விளம்பரத்தில் போட்டது, தன்னை வந்து பார்க்கச் சொல்லி அதுவே அழைப்பதுபோல. 1977 டிசம்பர் கடைசி நாளில் வேட்டைக்காரர்கள் அதைக் கொன்றார்கள்; தலையும் கைகளும் இல்லாமல் உடல் கிடைத்தது. தன் கூட்டம் தப்பிக்க நேரம் வாங்கித்தந்து, ஈட்டிகளை எதிர்த்து நின்றே அது செத்தது. ஃபாஸி சுற்றுலாவைக் கடைசிவரை வெறுத்தார். 1985 டிசம்பரில் அவரும் தம் குடிலில் கொலை செய்யப்பட்டார். டிஜிட்டுக்குப் பக்கத்தில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் 1979இல் ஆய்வாளர்களான ஏமி வெடரும் பில் வெபரும் வேறு ஒரு கணக்கைப் போட்டார்கள். மேய்ச்சலுக்குக் காட்டை அழிக்க அரசு நினைக்கும் நேரத்தில், கொரில்லா உயிரோடு இருப்பதால் வருமானம் உண்டு என்று காட்டினால் ஒழியக் காடு நிற்காது. சிறு குழு, குறைந்த நேரம், கூடுதல் கட்டணம் என்ற முறை அப்படிப் பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் விருங்காவில் 250 அளவில் இருந்த எண்ணிக்கை 2016 கணக்கெடுப்பில் 604. 2018 நவம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலைக் கொரில்லாவின் அபாய நிலையை ஒரு படி குறைத்தது. பெருங்குரங்குகளில் எண்ணிக்கை ஏறும் இனம் இது என்று உலகம் சற்று மூச்சு விட்டது. ஃபாஸியின் கோபமும் நியாயம், வெடரின் கணக்கும் நியாயம். வேடிக்கையாக ஆகியிருக்கக்கூடிய ஒன்றைத் தரிசனத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது கட்டணம் அல்ல. அந்த ஒரு மணி நேரமும் பத்து மீட்டரும்தான். திரை எப்போதும் விலகியே இருந்தால் சிற்றம்பலத்தில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. காட்டிலும் அப்படித்தான்.

கடலூர்க் கடற்கரையில் இந்தப் பாடம் இன்னும் நேராகக் கிடைக்கிறது. ஆண்டுதோறும் தைக்குப் பின் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறும். மணலைத் தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு, மூடி, உடலால் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சின் முகத்தை அது பார்ப்பதே இல்லை. உப்பை வெளியேற்ற அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். தாய் அழுகிறாள் என்பார்கள் கரையில் நிற்பவர்கள். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஐம்பது நாள் அளவில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்களிடம் முதலில் சொல்வது, கைப்பேசி விளக்கை அணையுங்கள் என்பதுதான். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். குஞ்சு கடலை விட்டு ஊர்ப் பக்கம் நடக்கும். கருவறையில் காட்டுவதற்கு விளக்கு ஏற்ற வேண்டும். கடற்கரையில் காட்டுவதற்கு விளக்கை அணைக்க வேண்டும். இரண்டையும் முடிவு செய்யும் உரிமை பார்க்க வந்தவருக்கு இல்லை.

இவ்வளவும் பார்க்க அனுமதி கிடைத்தவர்களைப் பற்றியது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள்?

1991இல் பிவிண்டி தேசியப் பூங்கா ஆனபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்த பாட்வா மக்கள் இழப்பீடு இல்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். வேட்டையாடியும் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த அவர்கள் கொரில்லாவை உண்பதில்லை. காட்டை மிக நன்றாக அறிந்தவர்கள் விளிம்பில் நிலமற்றவர்களாக நிற்க, கடல்தாண்டி வந்தவர்கள் வழிகாட்டியோடு உள்ளே போகிறார்கள். ருவாண்டா, பூங்கா வருமானத்தில் அக்கம்பக்க ஊர்களுக்குத் தரும் பங்கை 2017இல் ஐந்திலிருந்து பத்து விழுக்காடாக உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் வீட்டை இழந்தவர்க்குப் பங்குத்தொகை வீடாகாது.

தில்லைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. ஆதனூர் நந்தனாருக்குத் தில்லையைக் காண வேண்டும். நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் வாங்கினார். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று பார்க்க நந்தி விலகியது. தில்லையிலோ நெருப்பில் மூழ்கி எழுந்து வேறு உருவம் எடுத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது என்கிறது பெரியபுராணம். கல் நந்திக்கு இருந்த இரக்கம் ஊருக்கு இல்லாமல் போனது. அந்த வலியை எந்த உரையாலும் ஆற்ற முடியாது. சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையில் ஏறி நின்று வழிபட யாருக்கு, எப்போது உரிமை என்பது இன்றும் வழக்காகவும் அரசாணையாகவும் நீள்கிறது. 2022 மே மாதம் பக்தர்களை அனுமதிக்கச் சொல்லி அரசாணை வந்தது. காட்டுபவர் கையில் கொடுத்த விளக்கு, மறைப்பவர் கையில் கதவாகவும் மாறக்கூடும். ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு இன்னொருவருக்குக் காட்டினால், காட்டப்படுவது எவ்வளவு உயர்ந்ததானாலும் அது குறைபட்ட தரிசனம்.

பிச்சாவரத்து ஓடைகளில் இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலையில்லை. விரலால் பார்க்கிறார்கள், பிடித்ததைப் பறியில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள். சுற்றுலாப் படகு பக்கத்தில் போகும்போது ஓரிருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். வியாக்கிரபாதர் காலில் கண் கேட்டார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கையில் கண் பெற்ற இந்த மனிதர்கள் படத்துக்கான பொருளாகத் தெரியக்கூடாது. அந்தக் காட்டை யாராவது காட்ட வேண்டுமென்றால், முதலில் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்.

மலைக்கே திரும்பலாம். ஒரு மணி நேரம் முடிந்ததும் வழிகாட்டி கையைக் காட்டுவார். எட்டுப் பேரும் இறங்குவார்கள். கொரில்லாக்கள் மேய்ந்தபடி நகர்ந்து, இருட்டும் முன் எங்கோ புதுப் படுக்கை செய்து படுக்கும். உலகில் இப்போது சொல்லப்படும் மொத்த எண்ணிக்கை 1,063; விருங்காவின் 604, பிவிண்டியின் 459. இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முகம் பார்த்து எண்ணவில்லை. மனிதரோடு பழகாத கூட்டங்கள் யாரையும் கிட்டே விடாது. ஆகவே கணக்கெடுப்புக் குழுக்கள் காட்டை வரிசையாகச் சலித்து, கொரில்லாக்கள் எழுந்து போன படுக்கைகளைத் தேடின. படுக்கையில் கிடந்த சாணத்தை எடுத்துப் போய் மரபணுவைப் பார்த்து, இது தாய், இது பிள்ளை, இது வேறொன்று என்று பிரித்தார்கள். தழை அழுந்திய ஒரு குழி, விளிம்பில் சில உரோமங்கள், உள்ளே யாரும் இல்லை. அதன் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, தடம் பார்ப்பவர் குறிப்பேட்டில் ஒன்று என்று எழுதினார்.